பள்ளி நீண்ட நாள் மூடும்போது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு என்ன செய்வது

தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் 17 அன்று மூடப்பட்டன. மார்ச் 31 வரை மட்டும் என்பதே முதல் அறிவிப்பு. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் காலடி வைத்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள். அந்தக் காலம் முழுவதும் நான் டெல்டா மாவட்டக் கடலோர வட்டாரம் ஒன்றில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பயிற்றுநராகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கொரோனாக் காலக் கல்வி இழப்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வாசிப்பு, கணக்கு, பொதுத்தேர்வு ஆகியவற்றைச் சுற்றியே நிற்கின்றன. சிறப்புத் தேவையுள்ள எங்கள் பிள்ளைகள் இழந்தது வேறு வகையானது. அதை ஈடுசெய்யும் வழியும் வேறு. வீட்டில் பள்ளியை நடத்த முயல்வதை விட்டுவிட்டு, வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்குள் பயிற்சியைச் செலுத்துவதே அந்த வழி என்பது என் எண்ணம். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

பள்ளி என்பது பாடம் கிடைக்கும் இடம் என்று எல்லோரும் நினைக்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமிக்குப் பள்ளி என்பது, நாளில் சில மணி நேரமாவது முதுகு நிமிர்ந்து சி.பி. சேரில், அதாவது அவளைப் போன்றவர்களுக்கென்றே உடலைத் தாங்கும்படி செய்த நாற்காலியில், உட்காரும் இடம். ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கு அது, மணி அடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்திருக்கும் இடம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு, குறித்த நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லப்படும் இடம்; தன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தட்டில் சாப்பாடு வாங்கும் இடம். தாய்க்கோ, அந்தச் சில மணி நேரத்தில் மீன் காயவைக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்வர முடிகிற ஏற்பாடு. இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோயின. அவற்றுக்குப் பதிலாக நாம் அனுப்பியது பாடத்தை மட்டும்தான்.

அனுப்பிய வழிகளையும் குறை சொல்லிவிட முடியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி நல்ல வேளையாகக் கைவசம் இருந்தது. 2020 மே மாதம் நடுவண் அரசு அறிவித்த பி.எம். இ-வித்யா திட்டத்தில், பார்வைத்திறன் குறையுடையோருக்கும் செவித்திறன் குறையுடையோருக்கும் தனி மின்பாடங்கள் உருவாக்கப்படும் என்ற உறுதிமொழியும் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அறிவிப்பின் கண்ணில் பட்டவை இரண்டு. என் பதிவேட்டில் பெரும் எண்ணிக்கையில் இருந்தவர்கள் அறிவுசார் குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு எந்த ஒளிபரப்பும் உதவாது. ஏனெனில் அவர்கள் கற்பது பார்த்து அன்று, ஒருவர் கை பிடித்துச் செய்யவைத்து.

வாட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பிய அனுபவமும் எங்கள் எல்லோருக்கும் உண்டு. வண்ணம் தீட்டு, கோடு இணை, பெரியதை வட்டமிடு. பென்சிலை நேராகப் பிடிக்கவே இன்னும் பழகாத பிள்ளையிடமிருந்து, எல்லைக்கோட்டைத் தாண்டாத அழகான வண்ணத்தில் மாம்பழம் திரும்பி வரும். எட்டாம் வகுப்பு அக்காவின் கைத்திறனை மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, அதையே ஆவணத்துக்காகப் பதிவேற்றிய பயிற்றுநர்கள் தமிழகம் முழுவதும் இருந்திருப்பார்கள். இதில் சிரிப்பதற்கும் கொஞ்சம் இருக்கிறது, கவலைப்படுவதற்கும் இருக்கிறது. அந்த அக்காவுக்கும் அப்போது பள்ளி இல்லை, அவளுக்கென்று தனியே ஒரு போனும் இல்லை என்பது கவலைப்பட வேண்டியது.

எனவே பயிற்சித்தாளை நிறுத்திவிட்டுத் தாயிடம் ஒரு கேள்வி கேட்பதில் தொடங்க வேண்டியிருக்கிறது: காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை உங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும்? பல் தேய்த்தல், தேநீர், குளியல், உடை, சோறு, பாத்திரம், தண்ணீர் பிடித்தல், துணி மடித்தல், பாய் விரித்தல். இவற்றில் பிள்ளை இப்போது எதில் எத்தனை பங்கு செய்கிறது, எந்த இடத்தில் தாய் பொறுமை இழந்து தானே முடித்துவிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கென்றே இலக்குகள் வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம் அங்கேயே பாதி தயாராகிவிடும். பிறகு அதிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு ஒன்று போதும். பள்ளித் திட்டத்தில் இருக்கும் எட்டு இலக்குகளையும் வீட்டுக்கு மாற்றினால், வேலைக்கும் போய், மாமியாரையும் கவனித்து, மற்றப் பிள்ளைகளையும் பார்க்கும் தாய் முதல் வாரத்திலேயே எங்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிடுவார். நிறுத்துவது நியாயமும்கூட.

எடுத்துக்காட்டாகக் கால்சட்டை அணிவதைச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் முதல் படியிலிருந்து கற்பிக்க முயல்வார்கள்: கால்சட்டையை எடு, முன்பக்கம் எது என்று பார், உட்கார், ஒரு காலை நுழை. பிள்ளை முதல் படியிலேயே தடுமாறும், தாய் கோபப்படுவார், முடிவில் அவரே மாட்டிவிடுவார். எங்கள் துறையில் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வோம். எல்லாப் படிகளையும் தாயே செய்து, கால்சட்டையை முட்டிக்கு மேல் தொடை வரை ஏற்றி நிறுத்திவிட வேண்டும். இடுப்புக்கு இழுத்துவிடும் கடைசிப் படி மட்டும் பிள்ளையின் வேலை. இழுத்துவிட்டால் உடை அணிந்து முடிந்துவிட்டது. வேலையை முடித்தவன் அவன். பாராட்டு உடனே கிடைக்கிறது. அது பழகிய பிறகு முட்டிவரை ஏற்றி நிறுத்த வேண்டும், அதன்பின் கணுக்கால்வரை, இப்படியே பின்னோக்கி நகர வேண்டும். தோல்வியில் முடியாத பயிற்சி என்பதால் பிள்ளை மறுநாளும் ஒத்துழைக்கும். தாய்க்கு இதற்கென்று தனி நேரம் தேவையில்லை, எப்படியும் கால்சட்டை மாட்டத்தான் போகிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வைப்பது, வாளியிலிருந்து மக்கால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது உதவியைக் குறைக்கும் வரிசை. கையைப் பிடித்துச் செய்யவைப்பதே அதிகபட்ச உதவி; அடுத்தது முழங்கையை லேசாகத் தொடுவது; அதற்கடுத்தது விரலால் சுட்டிக்காட்டுவது. வாயால் சொல்வதுதான் குறைந்தபட்ச உதவி என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் வாய்ச்சொல்லை நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ‘இழு, இழு’ என்று சொல்லிப் பழகிய வீட்டில் அந்தச் சொல் காதில் விழாமல் பிள்ளை இழுக்காது. ஆகவே தொட்டுக் காட்டுங்கள், குறைவாகப் பேசுங்கள் என்று தாய்மாரிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதற்கு ஒரு தாய் சொன்ன பதில் மறக்க முடியாதது: “நான் பேசாம இருந்தா வீட்ல எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லன்னு நெனப்பாங்க டீச்சர்.”

இந்த உரையாடல்கள் அனைத்தும் நடந்தது போனில்தான். ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளில் அது தகப்பனார் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். ஆகவே எங்கள் பணிநேரம் என்பது அவர் திரும்பி வந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல் என்றாயிற்று. முடித்த பயிற்சித்தாளின் படத்தைவிட, பிள்ளை சாப்பிடுவதை இரண்டு நிமிடம் எடுத்த வீடியோவில் எனக்குக் கிடைத்த செய்தி பன்மடங்கு அதிகம். எந்தக் கையால் எடுக்கிறது, உதடு மூடுகிறதா, தலை பின்னால் சாய்கிறதா, படுக்கவைத்து ஊட்டுகிறார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். படுத்த நிலையில் ஊட்டுவதைப் பார்த்தால் வேறு எதையும் பேசாமல் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. விழுங்குவதில் சிரமமுள்ள பிள்ளைக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளில் குரல் அழைப்பு மட்டுமே. அங்கே நாமே கண்ணை மூடிக்கொண்டு, ‘இப்போது அவள் இடது முட்டி எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுக் கேட்டு அந்த அறையை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

உடலைப் பற்றிய பகுதிதான் எனக்கு இன்றும் ஆறாதது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தசைகள் இறுகியிருக்கும். வளரும் வயதில் எலும்பு நீள்கிறது. இறுகிய தசை அதே வேகத்தில் நீள்வதில்லை. முட்டி மடங்கியபடியே நிற்கத் தொடங்கும், குதிகால் தரையில் படாமல் போகும், இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல இடம் பெயரும். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் நடக்கும் இயன்முறைப் பயிற்சியும், அங்கிருக்கும், பிள்ளையை நிற்கவைத்துத் தாங்கும் சட்டமான ஸ்டாண்டிங் பிரேமும், காலில் மாட்டும் ஸ்பிளிண்டும் சேர்ந்துதான் இந்த நகர்வைத் தள்ளிப்போடுகின்றன. கணக்குப் பாடத்தை ஒரு வருடம் கழித்தும் திரும்பக் கற்பிக்கலாம். மடங்கி இறுகிவிட்ட முட்டி பழைய நிலைக்குப் பயிற்சியால் மட்டும் திரும்புவதில்லை, சில வேளைகளில் அறுவை சிகிச்சை வரை போகிறது. ஆனாலும் இயன்முறைப் பயிற்சியைக் கல்வித் துறையின் ஒரு செயல்பாடாகக் கணக்கிட்டதால், பள்ளியோடு சேர்ந்து அதுவும் நின்றது. மருந்துக்கடை திறந்திருந்தது, மருத்துவமனை திறந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு மருந்துக்கு நிகரான சேவை, அது நடக்கும் கட்டடம் பள்ளி வளாகத்தில் இருந்ததாலேயே பூட்டப்பட்டது. இதை நிர்வாகத்தின் கொடுமை என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. அடுத்த முறையாவது யோசிக்க வேண்டும்.

வீட்டில் கருவி இல்லாமல் என்ன செய்யலாம்? எங்கள் பிசியோ சார் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் நின்று நிலைத்தது இரண்டு சுவர் சேரும் மூலை. பிள்ளையை அந்த மூலையில் முதுகு சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி உட்காரவைத்தால், இரு பக்கச் சுவர்களும் தோள்களை முன்னுக்குத் தள்ளித் தாங்கும். மடிக்கு மேல் ஒரு முக்காலியைக் கவிழ்க்காமல் நிறுத்தினால் அதுவே மேசை. சாய்ந்து விழும் பயமில்லாததால் கைகள் விடுதலை பெறும், சோறு பிசையலாம், பட்டாணி பொறுக்கலாம். மல்லாக்கப் படுத்தே கிடக்கும் பிள்ளையை, மார்புக்கடியில் சுருட்டிய போர்வை வைத்துக் குப்புறப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கிப் பார்க்கச் செய்யலாம். கூடவே ஆள் இருக்க வேண்டும். திண்ணை உயரம் சரியாக இருந்தால் அதைப் பிடித்து நிற்கவைக்கலாம். ஆனால் ஸ்பிளிண்ட் சிறியதாகிப்போன பிள்ளைக்கு அதையே இறுக்கிக் கட்டினால் கணுக்காலில் புண் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது மாதங்களில் குழந்தையின் பாதம் எத்தனை வளரும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் கருதிப்பார்க்கவில்லை.

காதுக் கருவியின் கதையும் இதேதான். காதுக்குள் பொருத்தும் அச்சு, பிள்ளை வளர வளரத் தளர்ந்துபோகும்; தளர்ந்தால் கருவி கீச்சென்று விசில் அடிக்கும்; விசிலைப் பொறுக்காமல் பெற்றோர் ஒலியளவைக் குறைப்பார்கள் அல்லது கருவியை அலமாரியில் வைத்துவிடுவார்கள். பேட்டரியும் அப்படித்தான். முதுகில் ஒட்டியுள்ள சிறு ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப்பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும். மறுபடி ஒட்டினாலும் அதன் ஆயுள் பெரிதாக நீளாது. ஆகவே தேவைப்படும் நாளில்தான் உரிக்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். இதோடு முகக்கவசமும் சேர்ந்துகொண்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, ஊரிலுள்ள எல்லா வாய்களும் ஒரே நாளில் மறைந்துவிட்டன. பார்வையற்ற பிள்ளைகளுக்கோ எதையும் தொடாதே என்ற அறிவுரையே உலகத்தைச் சுருக்கிவிட்டது. பிரெய்ல் வாசிப்பு விரல் நுனியின் பயிற்சி என்பதால், பழைய பிரெய்ல் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தால் ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே தினம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வது போதுமானதாக இருந்தது. புதுப் பாடத்தை அதே நாட்களில் போனில் ஒலியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீடுகளிலிருந்து அந்தக் கோடையில் வந்த அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. காலையானதும் சீருடையை எடுத்து வந்து நீட்டுகிறான், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், கதவைத் திறக்காவிட்டால் தலையை மோதிக்கொள்கிறான். ‘ஸ்கூல் இல்லை’ என்ற சொல் அவனுக்கு எதையும் விளக்குவதில்லை. இல்லாத ஒன்றைக் காட்ட முடியாது. இருப்பதைக் காட்ட முடியும். அவனுடைய டம்ளர், அவனுடைய தட்டு, அவன் குளிக்கும் வாளி, மொட்டை மாடி, பாய் ஆகியவற்றைப் போனில் படமெடுத்து, வழியிருந்தால் அச்செடுத்து, இல்லாவிட்டால் அந்தப் பொருள்களையே வரிசையாக ஒரு பலகையில் வைத்து, ஒன்று முடிந்ததும் அதை எடுத்து டப்பாவுக்குள் போடச் சொல்ல வேண்டும். அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பதற்றம் பெருமளவு இறங்கும். கடையில் விற்கும் கார்ட்டூன் அட்டைகள் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டு டம்ளரின் படம் எந்த அச்சுப் படத்தையும்விட நன்றாக வேலை செய்கிறது. சீருடையை ஒளித்துவைக்காமல், காலையில் அதை அணியவைத்து, பத்து மணிக்குக் கழற்றுவதையும் அட்டவணையில் ஒரு படியாக்கிய ஒரு பாட்டியின் யோசனை எந்தப் பாடநூலிலும் இல்லாதது, ஆனால் மிகச் சரியானது.

வலிப்பு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளில் கணிசமானோர் அதை உட்கொள்கிறார்கள், மாவட்ட மருத்துவமனைக்குப் போய் வாங்கி வருகிறார்கள். பேருந்து நின்றபோது பல வீடுகளில் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாள் கடத்தினார்கள். திடீரென்று குறைப்பதோ நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பில் முடியலாம். ஆகவே நீண்ட விடுமுறை என்று தெரிந்த உடனே கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீட்டில் எத்தனை நாளுக்கு மாத்திரை இருக்கிறது என்பதுதான், பாடம் பிறகு. அதேபோல, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாக விலையில்லாமல் கிடைத்துவந்த நாப்கின் நின்றபோது, கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் அது கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதும் எங்கள் வேலையாயிற்று.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாய். ஊரடங்கு நிவாரணமாக 2020 ஜூனில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. உதவித்தொகை பின்னர் 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆயிற்று. தினக்கூலி நின்ற வீட்டில் அந்த 1,500 ரூபாய் பிள்ளைக்கு உரியதாக இல்லாமல் குடும்பத்தின் ஒரே வருமானமாக மாறியதைப் பார்த்தோம். அதில் பேட்டரி வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 நவம்பரில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது, வீட்டுவேலைக்குள் பயிற்சி நுழைந்த பிள்ளைகளுக்கும் நுழையாத பிள்ளைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்தது. சொற்கள் சில மறந்திருந்தாலும், தட்டு கழுவவும் உடை மாற்றவும் பழகி வந்தவர்கள் ஒரு மாதத்தில் வகுப்போடு சேர்ந்துகொண்டார்கள். படுக்கையும் தொலைக்காட்சியுமாகக் கழித்தவர்களுக்குக் கழிப்பறைப் பழக்கத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்களின் தாய்மாரைக் குற்றம் சொல்ல நான் தயாராக இல்லை. அவ்வீடுகளில் பெரும்பாலானவற்றில் போன் கிடையாது, அல்லது கேட்க ஆள் போய்ச்சேரவில்லை. திரும்பி வராதவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டணமில்லாக் கல்விக்குச் சொல்லும் வயது ஆறு முதல் பதினெட்டு. 2020 மார்ச்சில் பதினேழு வயதாக இருந்தவர்கள், பள்ளி திறப்பதற்குள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் இப்படித் தவறிப்போன சேவைக்கு ஈடாகக் கூடுதல் காலம் பயிற்சி கேட்டுப் பெறும் வழி பெற்றோருக்கு உண்டு; இங்கே அந்தப் பேச்சே எழவில்லை.

கொரோனா போய்விட்டது, இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் எங்கள் பகுதிக்கு வந்து பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, பள்ளிக் கட்டடங்களே நிவாரண முகாம்கள் ஆயின; உள்கிராமங்களில் மின்சாரம் வரப் பல வாரங்கள் பிடித்தன; இடிந்த குடிசைக்கடியில் போன சக்கர நாற்காலிகளும் அடையாள அட்டைகளும் எத்தனையோ. 2023 ஜூனில் வெயில் காரணமாகப் பள்ளித் திறப்பு இருமுறை தள்ளிப்போனது. மூடல் இனியும் வரும்.

ஆகவே சில ஏற்பாடுகள் பள்ளி திறந்திருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும், பள்ளி மூடினால் வீட்டில் தொடர வேண்டிய ஒரே ஒரு பயிற்சி எது, உட்காரும் முறை எது, மருந்து எது, வீட்டில் எந்த நேரத்தில் யாருடைய போன் கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகல் தாயிடம் இருக்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவருக்கு மருத்துவப் பணியாளருக்குரிய பயண அனுமதி முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் போன்ற தன்னார்வலர் ஏற்பாடு மறுபடி வந்தால், அவர்களுக்கான பயிற்சியில் அரை நாளாவது எங்கள் பிள்ளைகளுக்காக ஒதுக்கப்பட வேண்டும்.

தலைமையாசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். சி.பி. சேரும் ஸ்டாண்டிங் பிரேமும் இருப்புப் பதிவேட்டில் இருப்பதால் வெளியே தர இயலாது என்று சொல்லித்தான் பல இடங்களில் அவை பத்தொன்பது மாதங்கள் பூட்டிய அறையில் தூசி படிந்து நின்றன. பெற்றோரிடம் கையொப்பம் பெற்று, பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் தேதியுடன் எழுதி, மூடல் அறிவிப்பு வந்த அன்றே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். தணிக்கையில் கேள்வி வந்தால் அந்தக் கையொப்பத்தைக் காட்டலாம்.